கீசர் பைப் ஒழுக்குத் திருத்தவென்று 38,500 ரூபா போச்சு – யாழ்ப்பாணத்து ஆட்கள் கவனம்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேஸ்புக்கில் விளம்பரம் போட்டு, பிளம்பிங், வயரிங், ஏசி என்று எல்லா வீட்டு வேலைக்கும் ஆள் அனுப்புகிற ஒரு பக்கம். பெயரை இப்போதைக்குப் போடவில்லை, முறைப்பாடு கொடுக்கப் போகிறேன்.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்த பிறகு பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்ட முடியாது என்று, கனடாவில் இருக்கிற அண்ணா காசு அனுப்பி 50 லீற்றர் கீசர் ஒன்று பூட்டியிருந்தோம். அதற்கு அடியில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கும், அதிலிருந்து ஒரு சின்னப் பைப் கீழே இறங்கும். அந்தப் பைப்பில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. முதலில் சூடேறும்போது மட்டும்தான் சொட்டியது, பிறகு சுவிட்சை நிற்பாட்டினாலும் விடவில்லை, குளியலறை முழுக்க ஈரம், அப்பா வழுக்கி விழுந்துவிடுவார் என்ற பயம் வேறு.

அந்தப் பக்கத்துக்கு எழுதினதும் வந்த தம்பியைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். செருப்பை வாசலிலேயே கழற்றினார். "ஐயா, நீங்கள் எழும்பாதேங்கோ, நான் பாக்கிறன்" என்று அப்பாவிடம் சொன்னார். நிலம் அழுக்காகும் என்று பழைய சாக்கு ஒன்று கேட்டு வாங்கி விரித்துவிட்டுத்தான் பையைத் திறந்தார். பைப் நுனியில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கை நகத்தால் சுரண்டி என் உள்ளங்கையில் போட்டு, "பாத்தீங்களே அக்கா, எங்கட கிணத்துத் தண்ணி, முழுக்கச் சுண்ணாம்பு. வால்வு செத்துப்போச்சு" என்றார். அதில் பொய்யே இல்லை. யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல், எங்கள் கேத்திலுக்குள்ளும் அதே பொருக்குத்தான். ஒரு உண்மையைக் கையில் தந்துவிட்டு அதற்கு மேல் எல்லாப் பொய்யையும் அடுக்கினார். இத்தாலி வால்வாம், கொழும்பிலிருந்து எடுக்க வேண்டுமாம், கூலியோடு 38,500 ரூபாவாம். முற்பணமாக 25,000, மிச்சம் வேலை முடிந்த அன்றைக்குக் கையில். பற்றுச்சீட்டு கேட்டதற்கு "வட்ஸ்அப்பில வரும் அக்கா" என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

பிறகு வந்து வேலையை முடித்து மிச்சக் காசையும் வாங்கிக்கொண்டு போனார், ஒழுக்கு நின்றது. ஒரு சொட்டுக் கூட இல்லை. ஆனால் அடுத்தடுத்த நாட்களில் கீசருக்குள் கரகரவென்று ஒரு சத்தம், சுடுதண்ணிக் குழாயைத் திறந்தால் சீறிக்கொண்டு பாய்கிறது. ஹோட்டல் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்த்த பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட்டேன். பார்த்த உடனே மெயின் சுவிட்சை நிற்பாட்டச் சொல்லிவிட்டுத்தான் பைப்பைக் கழற்றினார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் மூடியை வெள்ளை ரேப் சுற்றி இறுக்கி அடைத்திருக்கிறான்! வால்வும் புதிது இல்லை, எங்கள் பழைய வால்வையே புளி போட்டு மினுக்கின செம்பு மாதிரி மினுக்கித் திரும்பப் பூட்டியிருக்கிறான்.

இது எவ்வளவு பயங்கரம் என்று மாமா சொல்லித்தான் தெரியும். தண்ணீர் சூடாகும்போது விரியும், 50 லீற்றர் 65 பாகைக்கு வந்தால் முக்கால் லீற்றர் அளவு கூடும். உள்ளே வரும் தண்ணீர் திரும்பிப் போகாதபடி வால்வு தடுப்பதால், கூடின தண்ணீர் அந்தச் சின்னப் பைப்பால்தான் வெளியேற வேண்டும். சூட்டைக் கட்டுப்படுத்துகிற தேமோஸ்டற் பழுதாகித் தண்ணீர் கொதித்துக்கொண்டே போனாலும் அதே வழிதான். அதை அடைத்தால் தாங்கியே வெடிக்கலாம். அதற்குக் கீழே கதிரை போட்டுத்தான் அப்பாவைக் குளிப்பாட்டுகிறோம். 38,500 ரூபா வாங்கிக்கொண்டு அதைத்தான் செய்துவிட்டுப் போயிருக்கிறான்.

போன் எடுத்தால் முதலில் "சைட்டில நிக்கிறன் அக்கா, பின்னேரம் எடுக்கிறன்." பிறகு "விடிய வாறம்." பிறகு பக்கத்தை நடத்துகிறவர் என்று ஒருவர், "அவர் இப்ப எங்களோட வேலை செய்யிறேல்லை, காசை அவரிட்டத்தான் கேக்கோணும்" என்கிறார். முற்பணம் போனது உங்கள் கணக்குக்குத்தானே என்று கேட்டால் "உங்கட தண்ணிதான் பிழை, நாங்கள் என்ன செய்யிறது" என்கிறார். மூடியைப் படம் எடுத்து அனுப்பினேன், நீலக் கோடு விழுந்தது, அதோடு என்னை புளொக் பண்ணிவிட்டார்கள். பக்கத்தில் நான் போட்ட கருத்தும் காணாமல் போய்விட்டது. இன்றைக்கும் அதே விளம்பரம் ஓடுகிறது. புது வால்வை மாமா ஹாட்வெயார் கடையில் நாலாயிரத்துக்குள் வாங்கிப் பூட்டிவிட்டார். 38,500!

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. சூடேறும்போது மட்டும் கொஞ்சம் சொட்டினால் பயப்படத் தேவையில்லை. குளிர்ந்த பிறகும் விடாமல் ஒழுகினால் வால்வில் பொருக்கு இருக்கலாம், பிரஷர் பம்ப் பூட்டிய வீடென்றால் அமுக்கம் கூடியிருக்கலாம். கொதிதண்ணியோ ஆவியோ வந்தால் உடனே மெயின் சுவிட்சை நிற்பாட்டுங்கள். அந்தப் பைப்பின் வாயை யார் சொன்னாலும் அடைக்க விடாதீர்கள். கழற்றின பழைய சாமானைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள், பற்றுச்சீட்டு அங்கேயே எழுதி வாங்குங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் எடுக்கலாம், நான் எழுத்திலும் கொடுக்கிறேன். இதே மாதிரி வேறு யாருக்காவது நடந்திருந்தால், முக்கியமாக வேலை முடிந்ததும் ஒழுக்கு அடியோடு நின்றிருந்தால், முதலில் கீசரை நிற்பாட்டி, நன்றாக ஆறின பிறகு வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு அந்தப் பைப்பைக் கழற்றிப் பாருங்கள், பிறகு எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள், சேர்த்தே முறைப்பாடு கொடுப்போம்.