சவுண்ட் கார்டு டிரைவருக்கு 'உரிமக் கட்டணம்': புதுச்சேரிக் கடையில் நான் இழந்த 4,800 ரூபாய்

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினியை இன்னமும் தொழிலுக்காக வைத்திருக்கும் கடலூர், புதுச்சேரி நண்பர்கள் இதை முழுவதும் படிக்க வேண்டுகிறேன். கணினியில் ஒலியைக் கையாளும் சவுண்ட் கார்டுக்கு, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரை நிறுவித் தருகிறோம் என்று சொல்லி என்னிடம் 4,800 ரூபாய் வாங்கினார்கள். இலவசமாகக் கிடைக்கும் டிரைவருக்கு உரிமக் கட்டணம் என்று பணம் பிடித்தார்கள். நன்றாக இருந்த என் கார்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, வேறொரு கார்டை மாட்டி அனுப்பிவிட்டார்கள். புகார் கொடுக்க இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பழைய கணினிகளை வாங்கி விற்பதும் பழுது பார்ப்பதுமாகப் புதுச்சேரி நகருக்குள் நடக்கும் சிறிய கடைகளில் ஒன்று என்ற அளவில் தெரிந்துகொள்ளுங்கள். இப்படிப்பட்ட கடைக்குப் போகும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பழைய ஒலிநாடாக்களைக் கணினிக் கோப்புகளாக மாற்றித் தரும் வேலையைச் செய்கிறேன். கோயில் திருவிழாக் கச்சேரிகள், விடிய விடிய நடந்த தெருக்கூத்துகள், இறந்துபோன பெற்றோரின் குரல் என்று மக்கள் கொண்டுவந்து கொடுக்கும் நாடாக்கள் பலவற்றுக்கும் வேறு பிரதியே கிடையாது. நான் பயன்படுத்தும் ஒலிப்பதிவு மென்பொருள் எக்ஸ்பியில்தான் ஓடும். புதிய மதர்போர்டுகள் பலவற்றில் என் கார்டைச் செருகும் பிசிஐ துளையே கிடையாது. இந்தக் காரணங்களால்தான் அந்தப் பழைய கணினியைக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்து வந்தேன். எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்திவிட்டதால் அந்தக் கணினிக்கு இணைய இணைப்பே கொடுத்ததில்லை.

அண்மையில் அதன் ஹார்டு டிஸ்க் பழுதானது. உள்ளூர்க்காரர் ஒருவர் புதிய டிஸ்க் போட்டு எக்ஸ்பியை மீண்டும் நிறுவித் தந்தார். அதன்பின் பாட்டு ஒலித்ததே தவிர, டேப் ரெக்கார்டரிலிருந்து வரும் ஒலி பதிவாகவில்லை. குறை இவ்வளவுதான். வாடிக்கையாளர் ஒருவருக்குக் கொடுத்த தவணை நெருங்கிக்கொண்டிருந்ததால், அறிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, கணினியைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரிக்குப் பேருந்து ஏறினேன்.

கடைக்காரர் என்னை நம்ப வைத்த விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அடுத்தவரிடமும் அதையேதான் செய்வார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் அவர் என் கார்டைத் தொடக்கூட இல்லை. குனிந்து பார்த்தவுடனே, "இது சவுண்ட் பிளாஸ்டர் லைவ் சார், இந்த மாதிரி கார்டெல்லாம் இப்ப யாருகிட்ட இருக்கு" என்றார். என் கார்டின் பெயரை நான் சொல்லாமலே ஒருவர் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கடையின் உட்புறத்தில் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்த ஒரு கணினியைக் காட்டி, அதில் ஒரு நாகஸ்வர இசையை ஓடவிட்டு, இதே கார்டு, இதே டிரைவர், கேளுங்கள் என்று ஹெட்போனை என் காதில் மாட்டினார். ஒலி தெளிவாக இருந்தது. தொழில் தெரிந்தவர், நம் வேலையின் அருமையையும் உணர்ந்தவர் என்று மனம் நிறைந்துபோனது. குடிக்கத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். அதன்பிறகுதான் கணக்குச் சொன்னார். என் கார்டில் ஒரு பாகம் எரிந்துவிட்டதாகவும், அதே வகைக் கார்டு தம்மிடம் 2,200 ரூபாய்க்கு இருப்பதாகவும், எக்ஸ்பிக்கான டிரைவரை நிறுவனமே நிறுத்திவிட்டதால் அதற்கு உரிமக் கட்டணம் 1,800 ரூபாய் என்றும், வேலைக் கூலி 800 ரூபாய் என்றும் துண்டுச்சீட்டில் எழுதிக் கூட்டிக் காட்டினார். மொத்தம் 4,800 ரூபாய். யுபிஐ வழியாக அனுப்பியபோது திரையில் கடையின் பெயர் வரவில்லை, ஒரு தனிநபரின் பெயர் வந்தது. கேட்டதற்கு, கடைக் கணக்கு வங்கியில் மாறிக்கொண்டிருக்கிறது என்றார். ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னவர் இன்றுவரை அனுப்பவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒலி பதிவாகவும் இல்லை, பாட்டு ஒலிக்கவும் இல்லை. அதற்கு மேல், கணினியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், உங்கள் டிரைவர்கள் பழையவை, பணம் செலுத்திப் புதுப்பியுங்கள் என்று ஒரு பெட்டி திரையில் வந்து நின்றது. டிரைவர்களைப் புதுப்பிப்பதாகச் சொல்லிப் பணம் கேட்கும் ஒரு மென்பொருளின் இலவசச் சோதனைப் பதிப்பை நிறுவிவிட்டு, அதைத்தான் உரிமம் என்று 1,800 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். இணையத்தையே காணாமல் நான் காத்துவந்த கணினியை என் அனுமதி கேட்காமல் இணையத்தில் இணைத்துத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பணத்தைக் காட்டிலும் இதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

சென்னையில் கணினித் துறையில் இருக்கும் என் தங்கை மகன் காணொளி அழைப்பில் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னான். கணினியில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் புதிய கார்டுக்கு எதிரே மஞ்சள் குறியும், டிரைவர் நிறுவப்படவில்லை என்று பொருள்படும் 28 என்ற பிழை எண்ணும் இருந்தன. அதன் பண்புகளில் விவரப் பகுதியைத் திறந்தபோது, நிறுவன எண் 1102 என்றும் சாதன எண் 0007 என்றும் காட்டியது. 1102 என்பது சவுண்ட் பிளாஸ்டர் கார்டுகளைத் தயாரிக்கும் கிரியேட்டிவ் நிறுவனத்தைக் குறிக்கும்; ஆனால் 0007 என்பது லைவ் 24 பிட், ஆடிஜி எஸ்இ ஆகிய வேறு கார்டுகளுக்கு உரிய எண். என் பழைய கார்டில் இருந்தது இஎம்யு10கே1 என்ற சில்லு. அதன் சாதன எண் 0002. தூசி துடைத்தபோது எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது, சில்லின் மேல் அந்த எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. அந்தச் சில்லுக்கான அடிப்படை டிரைவர் எக்ஸ்பியின் குறுந்தட்டிலேயே அடங்கியிருப்பதால்தான், எக்ஸ்பியை மீண்டும் நிறுவியபோது தனியாக எதையும் ஏற்றாமலே பாட்டு ஒலித்தது. எரிந்துபோன கார்டில் பாட்டு எப்படி ஒலிக்கும்?

மாட்டி அனுப்பிய கார்டுக்கும் எக்ஸ்பி டிரைவரைத் தயாரிப்பாளரே இலவசமாகத்தான் கொடுத்திருக்கிறார். தங்கை மகன் அதை வேறு கணினியில் இறக்கி, பென் டிரைவுக்கு மாற்றச் சொன்னான். முதலில் அந்தப் பணம் கேட்கும் மென்பொருளை நீக்கினோம். பிறகு கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய பயாஸ் என்ற அடிப்படை அமைப்பில் மதர்போர்டோடு வரும் ஒலிச் சாதனத்தை முடக்கினோம். டிரைவரை நிறுவி, கணினியை அணைத்துத் திறந்ததும் மஞ்சள் குறி மறைந்தது. கன்ட்ரோல் பேனலில் ஒலிச் சாதனங்கள் பகுதியில், பதிவுக்கான சாதனமாக இந்தக் கார்டைத் தேர்ந்தெடுத்தோம். வால்யூம் கன்ட்ரோலில் பதிவுப் பக்கத்துக்கு மாறியபோது மைக் தேர்வாகியிருந்தது. டேப் ரெக்கார்டர் போன்ற கருவிகளின் ஒலியை உள்ளே வாங்கும் லைன் இன் என்பதன் கீழ் இருந்த கட்டத்தில் குறி இட்டதும் நாடாவின் ஒலி உள்ளே வந்தது. எக்ஸ்பியைப் புதிதாக நிறுவியபோது இந்தத் தேர்வு மாறியிருக்க வேண்டும். என் பழைய கார்டிலும் குறை அதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு கட்டத்தில் குறி இடும் வேலைக்கு 4,800 ரூபாய்.

அதன்பின் அந்தக் கடையோடு நான் பட்ட பாடு தனி. முதலில் அழைத்தபோது ஸ்பீக்கர் வயரை மாற்றிப் பாருங்கள் என்றார்கள். அடுத்து, டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். உரிமத்துக்கான எண்ணையோ தாளையோ அனுப்புங்கள் என்று கேட்டதற்கு, எக்ஸ்பியே பழையது, அதுதான் கோளாறு, எங்களிடம் நல்ல கணினி இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. நேரில் போய் என் பழைய கார்டையாவது கொடுங்கள் என்றபோது, அது கழிவோடு போய்விட்டது என்று அன்று தேநீர் கொடுத்த அதே மனிதர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கார்டின் படத்தைக் காட்டியதும் அவர் குரல் மாறியது. "நீங்க தமிழ்நாடு சார், இது பாண்டிச்சேரி. கேஸ் போடணும்னா இங்க வந்து அலையணும், பாத்துக்குங்க" என்றார். கடையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் கேட்கும்படி அதைச் சொன்னார். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் என் எண்ணை முடக்கிவிட்டார்.

அவர் சொன்னது பொய். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் இடத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு ரசீது தர மறுப்பதையே அந்தச் சட்டம் முறையற்ற வணிகச் செயலாகக் கருதுகிறது. கடலூரிலேயே புகாரைப் பதிவு செய்யப்போகிறேன். 4,800 ரூபாயும் வேண்டும், என் கார்டும் வேண்டும்.

எழுதுவதாகச் சொன்ன ஆலோசனைகளை விரிவாக எழுத இப்போது மனம் ஒத்துழைக்கவில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கணினியைக் கடையில் விடும் முன் உள்ளே இருக்கும் கார்டைப் படம் எடுங்கள். சாதன எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டிரைவருக்குத் தனியாக உரிமக் கட்டணம் என்று யாராவது சொன்னால் அங்கேயே கணினியை எடுத்துக்கொண்டு வெளியேறுங்கள். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள், துண்டுச்சீட்டை ரசீதாக ஏற்காதீர்கள். பதிவாகவில்லை என்றால் முதலில் லைன் இன் குறியைப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை உடனே அழையுங்கள். இதே போன்ற துண்டுச்சீட்டோடு வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், புகாரில் சேர்ந்தே கையெழுத்திடலாம்.