சிலிக்கான் ஸ்பீக்கர் இயர்பட்ஸ்: சென்னைப் புழுக்கத்தில் இரண்டு வருடம்

சுருக்கமாகச் சொன்னால், சிலிக்கான் ஸ்பீக்கர் தாக்குப்பிடிக்கிறது. அதைச் சுற்றியுள்ள முனை வலை, சார்ஜிங் பின், பேட்டரிதான் பாடாய்ப் படுத்துகின்றன.

வழக்கமான இயர்பட்ஸில் காந்தத்துக்குள் ஒரு காயில் (கம்பிச்சுருள்) அசைந்து பிளாஸ்டிக் படலத்தைத் தள்ளும். சிலிக்கான் ஸ்பீக்கரில் காயிலும் இல்லை, காந்தமும் இல்லை. சிப்பில் இருக்கும் சன்னமான சிலிக்கான் தகட்டின் மேல் பீசோ பூச்சு, அதாவது மின்னழுத்தம் பட்டால் உருமாறும் பொருள். மின்னழுத்தம் ஏறி இறங்க, தகடு வளைந்து சத்தம் எழும். எக்ஸ்மெம்ஸ் நிறுவனத்தின் இந்தச் சிப், 2023 இறுதியில் கிரியேட்டிவ் ஆர்வானா ஏஸ் வரிசையில் வந்தது. அதில் பேஸுக்கு வழக்கமான காயில் வகை 10 மி.மீ. டைனமிக் டிரைவர், மேல் சுருதிக்குச் சிலிக்கான். பேட்டரி தருவது 3.7 வோல்ட்தான், பீசோவுக்கு அதைப் போல் பல மடங்கு வேண்டும் என்பதால், உள்ளே மின்னழுத்தத்தைக் கூட்டித் தரும் தனி ஆம்ப் சிப்பும் உண்டு.

வித்தியாசம் தெரிய வேண்டுமானால் தனி ஆவர்த்தனம் கேளுங்கள். கஞ்சிராவின் சில்லு (விளிம்பில் குலுங்கும் உலோகத் தகடு) சாதாரண இயர்பட்ஸில் 'ஸ்ஸ்' என்று மொத்தமாகக் கரைந்துவிடும். இதில் விரல் தோலில் படும் சத்தம் முதலில், சில்லின் சிணுங்கல் அதற்குப் பின்னால், இரண்டும் தனித்தனியாக விழும். மிருதங்கத்தின் தொப்பி (கனத்த நாதம் தரும் பக்கம்) மட்டும் பழைய மாதிரியேதான், அது டைனமிக் டிரைவரின் வேலை. பழைய டேப் பதிவுகளின் இரைச்சலும் கூடுதலாகவே கேட்கும். 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஈக்வலைசரில் 2 டெசிபல் குறைத்தால் காதுக்கு இதம்.

ஆண்ட்ராய்டில் ஒருமுறை கோடெக்கை, அதாவது புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறையை, பார்த்துவிடுங்கள். செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அங்கே அடிப்படைக் கோடெக்கான எஸ்பிசி என்று இருந்தால், போன் ஆதரிக்கும் பட்சத்தில் ஆப்டெக்ஸ் அடாப்டிவுக்கு மாற்றுங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3 பாட்டுக்காக இந்த இயர்பட்ஸ் வாங்குவது வீண் செலவு. மேல் சுருதி அந்தக் கோப்பிலேயே வெட்டுப்பட்டிருக்கும்.

இனி நம் ஊர் விஷயம். ஏசி மெட்ரோவிலிருந்து மே மாத வெயிலுக்குள் இறங்கினால் முனை வலையில் ஈரம் கோக்கும். அதோடு காது அழுக்கும் சேர்ந்தால் முதலில் மங்குவது மேல் சுருதிதான். ஒரு பக்கம் மந்தமானதும் டிரைவர் போய்விட்டது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். போனில் மோனோ ஆடியோவைப் போட்டு, ஒரே காதில் இரண்டு பட்ஸையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். மந்தமான பட்ஸின் ரப்பர் முனையைக் கழற்றி, வலை தரையைப் பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த மென்பிரஷால் தட்டுங்கள். சானிடைசர் வேண்டவே வேண்டாம்; கரைந்த அழுக்கு வலைக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரையில் நடப்பவர்கள் வீடு திரும்பியதும் சார்ஜிங் பின்களைத் துடைத்துவிட்டுத்தான் கேஸில் வைக்க வேண்டும். வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து பின்னில் பச்சை பிடித்தால், ஒரு பட்ஸ் மட்டும் இரவெல்லாம் கேஸில் இருந்தும் சார்ஜ் ஏறாமல் கிடக்கும்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ரிப்பேருக்குக் கொடுப்பதானால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காயில் ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் வைத்தால் 16, 32 ஓம் என்று ஏதாவது காட்டும். பீசோ கெபாசிட்டர் மாதிரி. நன்றாக இருந்தாலும் மீட்டர் 'ஓப்பன்' (இணைப்பு அறுந்தது) என்றுதான் காட்டும்.