படகுக் கீறலுக்கு ‘ஜெல்கோட்’ பூசுகிறேன் என்று வருபவரிடம் கவனம்

ஃபைபர் படகு வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு, பக்கத்துப் படகுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். அக்கரைப்பேட்டையில் போன மே மாதம் எனக்கு நடந்தது.

துறைமுகத்தில் நெருக்கிக் கட்டும்போது மற்ற படகுகள் உரசி, என் படகின் இடப்பக்கம் முழுக்கக் கீறல். அணியத்தில் (படகின் முன்முனை), கான்கிரீட் சுவரில் மோதிய இடத்தில் சிலந்திவலை மாதிரி மெல்லிய வெடிப்பு. அப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும். நல்ல கைவேலைக்காரர்கள் எல்லோரும் அந்த விசைப்படகு வேலையில்தான் இருப்பார்கள். நம் சின்னப் படகுக்கு ஆள் கிடைக்காத நேரம் பார்த்து, ஜெல்கோட் (ஃபைபர் படகின் வெளிப்பக்கம் இருக்கும் கெட்டியான பளபளப்புப் பூச்சு) பூசித் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். “அண்ணே, ஒரே நாள் வேலை. கம்பெனி ஜெல்கோட், கலர் அப்படியே சேரும்” என்றார். 14,000 ரூபாய் பேசி, 9,000 முன்பணம் கொடுத்தேன்.

அன்று நான் பக்கத்திலேயேதான் நின்றேன். பார்த்தும் எனக்குப் புரியவில்லை, அதுதான் இன்றும் வலிக்கிறது. படகில் பழைய மெழுகு, உப்பு எதையும் கழுவவில்லை. உப்புத்தாளை மேலோட்டமாக இரண்டு இழுப்பு. வெடிப்பின் மேலேயே பட்டி வைத்தார். பிறகு லேபிள் இல்லாத டப்பாவைத் திறந்து, தின்னர் மட்டும் ஊற்றிக் கலக்கி ஸ்ப்ரே அடித்தார்.

ஜெல்கோட் என்றால் கேட்டலிஸ்ட் (அதை இறுக வைக்கும் திரவம்) சேர்க்காமல் இறுகவே இறுகாது. ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 கிராம் வரை அளந்து சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் நம் ஊர் வெயிலில் அரை மணிக்குள் டப்பாவிலேயே கட்டியாக ஆரம்பிக்கும். இவர் கலக்கியது மாலை வரை தண்ணீர் மாதிரியே இருந்தது. அது சாதாரண எனாமல் பெயின்ட்.

சாயங்காலம் படகு பளபளவென்று நின்றது. மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் அணியத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் அழுத்தினால் உள்ளே ஈரம். போன் செய்தால் எடுக்கவில்லை, பிறகு நம்பரே மாறிவிட்டது. பழைய வேலைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தேன். தின்னர் நனைத்த துணியால் அவர் துடைத்ததும் வெள்ளை மொத்தமும் துணியில் ஏறிவிட்டது. இறுகிய ஜெல்கோட் அப்படிக் கரையாது. அடியில் சுரண்டினால் கார் டிங்கரிங் கடையில் வைக்கும் பட்டி. அது தண்ணீரை உறிஞ்சி ஊதும், தண்ணீர்க் கோட்டுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாதாம். பிறகு ஒரு ரூபாய்க் காசால் அணியத்தைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்ட சத்தம், வெடிப்பைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு மொத்தையாகக் கேட்டது. “தம்பி, இது கீறல் இல்ல. உள்ள மேட்டே விட்டுப்போயிருக்கு” என்றார். மேட் என்றால் படகு உடம்புக்குள் இருக்கும் கண்ணாடி இழை விரிப்பு.

14,000 ரூபாய் போனதைக்கூட விடுங்கள். என்னால் பொறுக்க முடியாதது இதுதான்: உடைந்த இடத்தை அழகாக மூடி, அதில் நான்கு பேரைக் கடலுக்கு அனுப்ப வைத்துவிட்டார் அந்த மனிதர். இரண்டு வாரம் அந்த அணியத்தோடுதான் அலையை அடித்துப் போய்வந்தோம்.

சரிசெய்ய 12 நாள் ஆனது. பட்டியை முழுக்க எடுத்து, வெடிப்பைச் சரிவாகத் தேய்த்துத் திறந்து, ஈரம் போகும் வரை வெயிலில் காயவிட்டு, மூன்று அடுக்கு மேட்டை ரெசின் என்ற பிசினில் ஒட்டினார். அதன் மேல்தான் ஜெல்கோட். காற்று பட்டால் மேல்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும் என்று மெழுகுக் கரைசல் கலந்தார். பிறகு தண்ணீர் விட்டு 400, 600, 1000 எண் உப்புத்தாள், கடைசியில் மெருகேற்றும் காம்பவுண்ட் பசை. நிறத்துக்கு அவர் செய்ததைக் கவனித்து வைத்தேன்: முதலில் பழைய பகுதியில் உள்ளங்கை அளவு தேய்த்து மெருகேற்றி, வெயிலில் வெளுத்த மாவு போனபின் தெரிந்த உண்மையான நிறத்துக்குச் சேர்த்தார். முன்னவர் புது வெள்ளை அடித்ததால், கொப்புளம் வராத இடத்திலும் ஒட்டுப் போட்ட மாதிரி தெரிந்தது.

இனி நான் எந்த ஆளை வைத்தாலும், பூசும் முன் வெடிப்பைத் திறந்து காட்டச் சொல்லிப் போட்டோ எடுப்பேன். கேட்டலிஸ்டை என் கண்முன்னே அளக்க வேண்டும். மீதிப் பணம், படகு பத்து நாள் தண்ணீரில் கிடந்த பிறகுதான்.

இந்தக் கோடையில் இப்படி ஒருநாள் வேலையாகப் பூசி வாங்கியவர்கள், அடுத்த தடவை கடலுக்குப் போவதற்கு முன் ஒரு காசை எடுத்து அணியத்தைத் தட்டிப் பாருங்கள்.