ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஜீனை குளோன் செய்ய: சிடிஎன்ஏவா, ஜீனோமிக் டிஎன்ஏவா?

நீளம்
சிடிஎன்ஏ (எம்ஆர்என்ஏவிலிருந்து படியெடுத்த டிஎன்ஏ): இந்த ஏற்பியின் ஆல்ஃபா வகைக்கு, புரதத்தைக் குறிக்கும் பகுதி 1,788 பேஸ், 595 அமினோ அமிலம். சாதாரண பிளாஸ்மிடே (ஜீனைச் சுமக்கும் சிறு வட்ட டிஎன்ஏ) போதும்.
ஜீனோமிக் (குரோமோசோமில் உள்ள அசல் டிஎன்ஏ): புரதமாக மாறாத இடைப்பகுதிகளான இன்ட்ரான்களோடு 140 கிலோபேஸைத் தாண்டும். பேக் வெக்டர் (பெரிய துண்டைத் தாங்கும், பாக்டீரியாவில் வளர்க்கும் செயற்கைக் குரோமோசோம்) வேண்டும். அதிலும் முழுதாக அடங்குவது சந்தேகமே.

மூலப்பொருள்
சிடிஎன்ஏ: ஏற்பியை உற்பத்தி செய்யும் செல் தேவை. எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல் நல்ல தேர்வு. ஆர்என்ஏ சிதைந்திருந்தால் 5' முனை கிடைக்காது.
ஜீனோமிக்: நியூக்ளியஸ் உள்ள எந்த மனித செல்லும் சரி.

எங்கே சொதப்பும்
சிடிஎன்ஏ: முதல் எக்ஸானில் (புரதத்துக்கான பகுதியில்) ஜி, சி எழுத்துகள் அதிகம் என்பதால் பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) பாதியில் நின்றுவிடலாம், இழைகளைப் பிரிக்க உதவும் டிஎம்எஸ்ஓவை 5% சேர்த்துப் பாருங்கள். அதைவிட ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத ஒற்றை எழுத்துப் பிழை. ஆரம்பத்தில் பலரும் பயன்படுத்திய எச்இ0 என்ற ஏற்பி சிடிஎன்ஏ குளோனில், புரதத்தின் 400ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் வாலின் இருந்தது. 4 டிகிரியில் ஒழுங்காக ஹார்மோனைப் பிடித்த ஏற்பி, 25 டிகிரியில் தளர்ந்துபோனது. குளோனிங்கில் நுழைந்த பிழை அது என்று 1989இல் வெளியானது. திருத்திய வடிவம்தான் எச்இஜி0. இன்செர்ட்டின் (வெக்டரில் செருகிய துண்டின்) இரு முனைகளை மட்டும் சீக்வென்ஸ் செய்து திருப்திப்படாதீர்கள்.
ஜீனோமிக்: பாக்டீரியா செல் ஒன்றில் பேக் ஓரிரு பிரதிதான் இருக்கும், டிஎன்ஏ விளைச்சல் சொற்பம்.

எதற்கு எது
ஹார்மோன் பிணைப்பு, மியூட்டேஷன் ஆய்வு என்றால் சிடிஎன்ஏதான். இயல்பாக இந்த ஏற்பி இல்லாத ஹீலா செல்லில் செலுத்துங்கள். செல் வளர்க்கும் மீடியத்தில் ஃபீனால் ரெட் என்ற நிறச் சாயம் வேண்டாம். அதுவே ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்து கன்ட்ரோலைக் கெடுத்துவிடும். மீடியத்தில் சேர்க்கும் சீரத்தில் உள்ள ஹார்மோன்களையும் கரியால் நீக்குங்கள்.

புரோமோட்டர் (ஜீனை இயக்கும் பகுதி), ஸ்பிளைசிங் (இன்ட்ரானை வெட்டி நீக்குதல்) ஆய்வுக்கு ஜீனோமிக். புரோமோட்டர் மட்டும் போதுமென்றால் பேக் எதற்கு? 1–2 கிலோபேஸைப் பிசிஆரில் எடுத்து ஒளி தரும் என்சைமான லூசிஃபெரேஸின் ஜீனுக்கு முன்னால் வைத்தால் ஆயிற்று.