1,200 டாலரும் 900 டாலரும்: டொமைன் விற்ற இரண்டு கணக்கு

ஒட்டன்சத்திரம் மண்டியில் முருங்கைக்காய் போட்டுவிட்டு வரும்போது அப்பா சட்டைப் பையில் ஒரு சீட்டு இருக்கும். மேலே எடை, விலை. அதற்குக் கீழே நூற்றுக்குப் பத்து கமிஷன், இறக்குக் கூலி, இன்னும் ஏதோ ஒரு சில்லறைக் கழிவு. அப்பா மேல்வரிகளைப் பார்க்கவே மாட்டார். "அடியில எவ்வளவு போட்டிருக்கான்?" என்று நேரே கடைசி வரிக்குப் போய்விடுவார். டொமைன், அதாவது இணையத்தள முகவரிப் பெயர், விற்கக் கிளம்பிய எனக்கு அந்தப் பழக்கம் வர இரண்டு விற்பனை ஆயிற்று.

கையில் இருக்கும் பெயரை விற்க மூன்று வழி. ஆஃப்டர்னிக், செடோ மாதிரி சந்தைத் தளத்தில் விலை போட்டு விட்டுவிடலாம். தரகரைப் பிடித்து அவர் பொறுப்பில் தரலாம். அல்லது வாங்குபவரோடு நாமே பேசி, பணத்தை எஸ்க்ரோ மூலம், அதாவது இருவருக்கும் நடுவில் பணத்தைப் பிடித்து வைத்திருக்கும் நிறுவனம் மூலம், வாங்கலாம். நான் மூன்றாவது வழிக்காரன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், படிக்கும்போது அந்தச் சாய்வைக் கழித்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தைத் தளம். ஆஃப்டர்னிக் 2013 முதல் டொமைன் பதிவு நிறுவனமான கோடாடி கையில் இருக்கிறது. ஒருவர் டொமைன் பதிவு செய்யும் தளத்தில் ஒரு பெயரைத் தட்டிப் பார்க்கும்போதே, அது விற்பனைக்கு இருப்பதாக விலையோடு காட்டிவிடும். அந்த வீச்சு நம் சொந்தப் பக்கத்துக்கு ஒருநாளும் வராது. வாங்குபவரை அவர்களே கொண்டுவந்தால் கமிஷன் கொடுப்பதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் கமிஷன் ஒரே எண் கிடையாது, அதைக் கவனிக்காமல் விட்டேன். நான் பட்டியலிட்ட சமயத்தில், நேம்சர்வரை (பெயரைத் தட்டுபவரை எந்தத் தளத்துக்கு அனுப்புவது என்று சொல்லும் அமைப்பு) அவர்கள் பக்கம் திருப்பியிருந்தால் 15 சதவீதம், வேறெங்காவது வைத்திருந்தால் 25. செடோவிலும் அப்போது இதே கதைதான்: அவர்களிடமே நிறுத்தி வைத்து நிலையான விலை போட்டால் 10, சாதாரணமாக 15, கூட்டாளித் தளம் வழியாக விற்றால் 20. சின்ன விலைக்கு விற்றால் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்றும் குறுக்கே வரும். நான் என் பெயரை ஒரு பழைய வலைப்பூவின் ஹோஸ்டிங்கிலேயே விட்டு வைத்திருந்தேன். அதை மாற்ற ஐந்து நிமிடம் போதும். 1,200 டாலருக்கு விற்றபோது அந்த ஐந்து நிமிடச் சோம்பலுக்கு விலை 120 டாலர்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து நடந்த டான் தளத்தில் கமிஷன் 9 சதவீதமாக இருந்த காலம் உண்டு. 2022-இல் கோடாடி அதை வாங்கியது. அப்புறம் அந்த 9 போய்விட்டது, பின்னால் தளமே ஆஃப்டர்னிக்கோடு கலந்துவிட்டது. பழைய ஆட்கள் இன்னும் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள்.

சரி, கணக்குக்கு வருகிறேன். இரண்டு சொல் சேர்ந்த ஒரு டாட் காம் பெயர், சந்தைத் தளம் ஒன்றில் 1,200 டாலருக்குப் போனது. 25 சதவீதக் கமிஷனில் 300 போயிற்று. மீதி 900 வயர் மூலம், அதாவது வங்கிக்கு வங்கி அனுப்பும் முறையில், கிளம்பியது. வழியில் இடைத்தரகு வங்கி ஒன்று 18 டாலர் எடுத்துக்கொண்டது. இது எந்தப் பட்டியலிலும் முன்கூட்டி எழுதியிருக்காது. அனுப்பும் வங்கிக்கும் நம் வங்கிக்கும் நேரடித் தொடர்பு இல்லாதபோது நடுவில் உட்கார்ந்திருப்பவர் வாங்கிக்கொள்ளும் சுங்கம் அது. வந்தது 882 டாலர். அன்று சந்தை விலை டாலருக்கு 83.20 ரூபாய், என் வங்கி போட்டது 81.60. பார்க்க ஒன்றரை ரூபாய்தான், ஆனால் 882-ஆல் பெருக்கினால் 1,411 ரூபாய். அதற்கு மேல் ஜிஎஸ்டி: ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றும் தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்து, அதன் மீது 18 சதவீதம். எனக்கு 130 ரூபாய் வந்தது. வெளிநாட்டுப் பணம் வரவு வைத்ததற்கு 295. கணக்கில் ஏறியது 71,546 ரூபாய். 1,200 டாலரின் அன்றைய சந்தை மதிப்பு 99,840. நூற்றுக்கு 28 ரூபாய்க்கு மேல் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

இரண்டாவது பெயர் சில மாதம் கழித்து. இதற்கு நானே ஒரு பக்கம் போட்டு, "இந்தப் பெயர் விற்பனைக்கு" என்று எழுதி, மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தேன். வாங்க வந்தவர் கனடாவில் சிறு கடை நடத்துபவர். 900 டாலருக்கு முடிந்தது. எஸ்க்ரோ கட்டணத்தை ஆளுக்குப் பாதி என்று பேசினோம், என் பங்கு 25 டாலர். பணத்தை வெளியே அனுப்ப வயர் கட்டணம் 20. அதே இடைவங்கிச் சுங்கம் 18. ஆக 837 டாலர். இந்த முறை பணம் வருவதற்கு முன்பே வங்கிக் கிளைக்குப் போய், அந்நியச் செலாவணி பார்ப்பவரிடம் ரேட் கேட்டேன். "எவ்வளவு சார் எதிர்பார்க்கிறீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டதும்தான் அது பேரம் பேசக்கூடிய சமாச்சாரம் என்றே எனக்குப் புரிந்தது. சந்தையில் 83.30 இருந்த அன்று 82.90 கொடுத்தார்கள். ஜிஎஸ்டி 125, வரவுக் கட்டணம் 295 போகக் கிடைத்தது 68,967 ரூபாய்.

இரண்டு கடைசி வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 300 டாலர் கூடுதலாக விற்ற பெயர் எனக்குக் கூடுதலாகக் கொடுத்தது 2,579 ரூபாய். நேம்சர்வரைத் திருப்பி 15 சதவீதத்தில் விற்றிருந்தால் இடைவெளி இன்னும் பெரிதாக இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 1,200-க்கு விற்றேன் என்று நண்பர்களிடம் சொல்லித் திரிந்த அந்த வாரத்தை நினைத்தால் இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

கமிஷன் தொகை பெயரின் விலையோடு ஏறி இறங்கும். வயர், இடைவங்கி, வரவுக் கட்டணம் மூன்றும் பெரும்பாலும் நகராது. 5,000 டாலர் விற்பனையில் இவை தூசு. 150 டாலர் விற்பனையில் கால் பங்குக்கு மேல் தின்றுவிடும். அதனால் 300 டாலருக்குக் கீழே போகும் பெயர்களுக்கு நான் நேரடி எஸ்க்ரோவைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே சந்தைத் தளத்தில் விட்டு, இரண்டு மூன்று விற்பனைப் பணத்தைச் சேர்த்து ஒரே தடவையாக எடுப்பதுதான் லாபம்.

எஸ்க்ரோ நடக்கும் விதத்தில் குழப்பம் ஏதும் இல்லை. வாங்குபவர் பணத்தை அவர்களிடம் கட்டுவார், கட்டியாயிற்று என்று நமக்குத் தகவல் வந்த பிறகு பெயரை மாற்றிக் கொடுப்போம், அவர் பார்த்து ஒப்புக்கொண்டதும் பணம் நமக்கு வரும். இருவரும் ஒரே பதிவு நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்தால் கணக்குக்குக் கணக்கு தள்ளிவிடலாம், சில நிமிட வேலை. வேறு நிறுவனத்துக்குப் போக வேண்டுமென்றால் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பதிந்த அல்லது இப்போதுதான் இடம் மாறிய பெயர் 60 நாள் பூட்டில் இருக்கலாம், பேச்சு ஆரம்பிக்கும்போதே அதைச் சொல்லிவிடுவது நல்லது. வாங்குபவர் கிரெடிட் கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம் உண்டு, அது யார் தலையில் என்பதையும் முதலிலேயே எழுதி வாங்குங்கள். எஸ்க்ரோ தளத்தின் முகவரியை நீங்களே தட்டுங்கள், எதிராளி அனுப்பும் இணைப்பைத் தொடாதீர்கள். போலி எஸ்க்ரோ தளங்கள் ஏராளம்.

"பேபாலில் போட்டுவிடுகிறேன்" என்பார்கள். இந்தியக் கணக்கில் வெளிநாட்டுப் பணம் வாங்க 4 சதவீதத்துக்கு மேல் கட்டணம், ரூபாயாக மாற்றுவது அவர்கள் ரேட்டில். அதுகூடப் பரவாயில்லை. வாங்கியவர் 180 நாள் வரை புகார் எழுப்பலாம். டொமைன் மாதிரி கண்ணுக்குத் தெரியாத சரக்கில் அந்தச் சண்டையை ஜெயிப்பது கடினம்.

தரகர் விஷயத்தில் என் அனுபவம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் கசப்பு. விற்கும் உரிமை ஆறு மாதத்துக்கு அவருக்கே என்ற ஒப்பந்தம், 15 சதவீதம். மூன்றாவது மாதம், முன்பு நான் வலைத்தளம் செய்து கொடுத்த ஒருவரே வாட்ஸப்பில் வந்து பெயரைக் கேட்டார். தரகர் ஒரு மின்னஞ்சல்கூட அனுப்பாத விற்பனை அது. ஒப்பந்தப்படி 15 சதவீதமும் அவருக்கே போனது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் அடுத்த ஆறு மாதத்துக்கு அவருக்கு உரிமை என்று ஒரு வரி கீழே இருந்ததை அப்புறம்தான் படித்தேன். யாரைக் குறை சொல்ல? கையெழுத்து என்னுடையது. ஐந்து இலக்க டாலருக்கு விற்கும் பெயர் வைத்திருப்பவர்களுக்கு நல்ல தரகர் விலையையே ஏற்றிக் கொடுக்கக்கூடும். நான் அந்த உயரத்தில் விற்றதில்லை, அதனால் இந்தப் பத்தியைப் பாதி எடையோடு படியுங்கள். இன்னொன்று: பெயருக்கு மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி வா, பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று குறிப்பிட்ட ஒரு தளத்தைக் காட்டி எழுதுபவர் வாங்குபவரே இல்லை. அந்தச் சான்றிதழ்க் கட்டணம்தான் அவருடைய வியாபாரம்.

இன்னும் நான்கு பெயர் மிச்சம். மூன்றைச் சந்தைத் தளத்தில் போட்டு நேம்சர்வரையும் திருப்பிவிட்டேன், ஒன்றை மட்டும் என் சொந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். போன வாரம் அதை ஒருவர் 700 டாலருக்குக் கேட்டு எழுதினார். பதில் போடுவதற்கு முன் தாளை எடுத்து, கழிவையெல்லாம் வரிசையாக எழுதி, அடியில் ரூபாயில் ஒரு எண் போட்டேன். 850 கேட்டிருக்கிறேன், எஸ்க்ரோ கட்டணம் முழுக்க அவருடையது.