கெக்கோ பெட்டிக்கு இரவுக் கேமரா: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டில் பெட்டியில் வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ (ஒரு பல்லி வகை) இரண்டு ஒரே மறைவிடத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தால், "ரெண்டும் நல்லா ஒட்டிக்கிச்சு" என்று சொல்லிவிடுகிறோம். பெட்டியில் சூடான மறைவிடம் ஒன்றே ஒன்றுதான் என்றால் அது ஒட்டுதல் இல்லை. போக வேறு இடம் இல்லை, அவ்வளவுதான். உண்மை நிலவரம் விளக்கை அணைத்த பிறகே தெரியும். அதைப் பார்க்கப் பலரும் வாங்குவது வீட்டுக் கண்காணிப்புக்கு விற்கும் சின்ன இன்ஃப்ராரெட் கேமரா. அந்த வகைக் கேமராக்கள் கெக்கோ பெட்டிக்கு எந்த அளவு உதவும் என்பதுதான் இந்த விமர்சனம்.

முதலில் ஒதுக்க வேண்டியது பேட்டரியில் ஓடும் மாடல்கள். அசைவு வந்தால்தான் அவை விழித்துப் பதிவு செய்யும். அந்த அசைவை உடல் வெப்பத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் சென்சார்தான் அவற்றில் இருக்கும். மனிதனும் நாயும் சுற்றுப்புறத்தைவிடச் சூடானவர்கள், அதனால் சென்சாருக்குத் தெரிவார்கள். கெக்கோவின் உடல் வெப்பமோ அது படுத்திருக்கும் கல்லின் வெப்பத்தை ஒட்டியே இருக்கும். போதாததற்கு, உடலிலிருந்து வரும் வெப்பக் கதிரைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். பெட்டிக்குள் இரவெல்லாம் துரத்தல் நடந்தாலும் காலையில் ஒரு கிளிப்கூட இருக்காது. "இரவு அமைதியாக இருந்தது" என்ற தப்பான முடிவுக்கு இதைவிட எளிய வழி இல்லை.

பிளக்கில் மாட்டி, மெமரி கார்டில் தொடர்ச்சியாகப் பதியும் மாடல்தான் இந்த வேலைக்குச் சரி. ஃபுல் எச்.டி. தரத்தில் விநாடிக்கு 1.5 மெகாபிட் என்று வைத்தால் 12 மணி நேரத்துக்குச் சுமார் 8 ஜி.பி. ஆகும், 64 ஜி.பி. கார்டு ஏறக்குறைய ஒரு வாரம் தாங்கும். மறுநாள் 8 அல்லது 16 மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் போதும். படத்தில் ஏற்படும் மாற்றத்தை வைத்து அசைவை அறியும் வசதியை மட்டும் நம்பினால், உள்ளே விட்ட வெட்டுக்கிளி ஒவ்வொன்றும் ஒரு கிளிப் கொடுக்கும். மெதுவாக நகரும் கெக்கோ தவறிப்போகும்.

அடுத்து விளக்கு. பெரும்பாலான கேமராக்களில் 850 நானோமீட்டர் அலைநீள இன்ஃப்ராரெட் எல்.இ.டி. இருக்கும், இருட்டில் உற்றுப் பார்த்தால் அதில் மங்கலான சிவப்பு தெரியும். 940 நானோமீட்டரில் அது தெரியாது. 940-இன் ஒளி தூரத்துக்கு எட்டாது என்பது குறைதான், ஆனால் 60 அல்லது 90 செ.மீ. பெட்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எது கிடைத்தாலும் கேமராவின் நீல, பச்சை நிலைவிளக்கைச் செட்டிங்கில் அணையுங்கள். முடியாவிட்டால் கருப்பு டேப் ஒட்டுங்கள். ஹெல்மெட் கெக்கோ மங்கிய நிலா வெளிச்சத்திலும் நிறம் பிரித்தறியும் என்று 2004-இல் வந்த ஆய்வு காட்டியது. அந்த வெளிச்சத்தில் நமக்கு நிறமே தெரியாது. பெட்டிமேல் சிவப்பு பல்பு போட்டு "இது அதுங்களுக்குத் தெரியாது" என்பதும் இதே காரணத்தால் நம்பத்தக்கதல்ல.

கண்ணாடிக்கு வெளியே கேமராவை வைத்தால் அதன் எல்.இ.டி. ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படத்தின் நடுவில் வெள்ளைத் திட்டாக நிற்கும். வந்த வேகத்தில் பலர் கேமராவைத் திருப்பி அனுப்புவது இதனால்தான். உள்விளக்கை அணைத்துவிட்டு, தனி இன்ஃப்ராரெட் விளக்கை வலை மூடியின் மேலிருந்து சாய்வாக அடியுங்கள். லென்ஸைச் சுற்றிக் கருப்பு ஃபோம் வளையம் வைத்துக் கண்ணாடியோடு ஒட்டிவிடுங்கள். உள்விளக்கைத் தனியாக அணைக்க முடியாத மாடலை வாங்காதீர்கள். பகல், இரவு முறை தானாக மாறும் அமைப்பை விட்டு இரவு முறையில் நிலையாக வையுங்கள். இல்லையென்றால் அறையில் லைட் போடும்போதெல்லாம் 'டிக்' என்று ஃபில்டர் மாறும் சத்தம் பெட்டிக்குப் பக்கத்திலேயே கேட்கும்.

கேமராவை உள்ளேயே வைக்கலாமா என்றால், வேண்டாம். அதன் உடல் இளஞ்சூடாகும், கெக்கோ அதன் மேலேயே ஏறிப் படுத்துக்கொள்ளும். பெட்டியில் யார் எங்கே இருக்க விரும்புகிறார்கள் என்று பார்க்க வந்த கருவி, புதிதாக ஒரு சூடான இடத்தை உண்டாக்கிவிடும். வெளியே பக்கத்தில் வைப்பதில் உள்ள சிக்கல் ஃபோகஸ்: அறையைப் பார்க்கவென்று செய்த லென்ஸ் 30 செ.மீ. தூரத்தில் மங்கலாகத்தான் காட்டும். கையால் ஃபோகஸ் திருப்பக்கூடிய லென்ஸ் இருந்தால் அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகும்.

இவ்வளவும் சரியாக அமைந்தால் படம் நிறையச் சொல்லும், படிக்கத் தெரிந்தால். இன்ஃப்ராரெட்டில் நிற வேறுபாடு போய்விடுவதால் வால் வடிவம், உடல் அளவு, பழைய தழும்பு ஆகியவற்றை வைத்து ஆள் அடையாளம் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சண்டையைத் தேடாதீர்கள், இடம்விடுதலைத் தேடுங்கள். ஒன்று நெருங்கி வருகிறது, மற்றது தொடப்படாமலேயே எழுந்து போகிறது. அதே ஜோடியில், அதே திசையில் இது திரும்பத் திரும்ப நடந்தால் ஒன்று மற்றதை அடக்கி வைத்திருக்கிறது. கடி இல்லை, சத்தம் இல்லை. ஆனால் தோற்ற கெக்கோ சூட்டையும் தீனியையும் இழந்துகொண்டே இருக்கும்.

வாலை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. லெப்பர்ட் கெக்கோ வாலை உயர்த்தி மெதுவாக, அகலமாக அசைத்து, கால்களை நிமிர்த்தி முதுகை வளைத்தால் அது எச்சரிக்கை. வால் நுனி மட்டும் படபடவென்று அதிர்ந்தால் பெரும்பாலும் ஆணின் இணைசேரும் முயற்சி. பூச்சியைப் பதுங்கிப் பிடிக்கும்போதும் நுனி துடிக்கும். கடியும் அப்படித்தான்: பிடரியைக் கவ்வுவது இணைசேர்தலாக இருக்கலாம், வாலையோ காலையோ கடித்தால் தாக்குதல். தோலுரிக்கும் நேரத்தில் பெண்ணின் தோலிலுள்ள வாசனைக் குறிப்பு மாறுவதால் ஆண் அதையே எதிரியாக எடுத்துத் தாக்கக்கூடும். நேற்றுவரை ஒத்துப்போன ஜோடி இன்று ஏன் இப்படி என்று குழம்புமுன் தோல் வெளுத்திருக்கிறதா பாருங்கள்.

ஒரே மறைவிடத்தில் சேர்ந்து படுப்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. அதே அளவு, அதே வெப்பமுள்ள இரண்டாவது மறைவிடத்தைப் பக்கத்தில் வையுங்கள். லெப்பர்ட் கெக்கோவுக்கு இரண்டின் தரையும் 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஒரு வாரம் பதிவு செய்யுங்கள். பிரிந்து படுத்தால் பதில் கிடைத்துவிட்டது. குளிர்ந்த பக்கத்திலும் மறைவிடம் வேண்டும். மொத்தத்தில் கெக்கோ எண்ணிக்கையைவிட ஒன்றாவது அதிகம்.

கேமரா காட்டாதது தீனிக் கணக்கு. அதற்கு 0.1 கிராம் துல்லியமுள்ள தராசு வேண்டும். வாரம் ஒருமுறை, தீனிக்கு முன், ஒவ்வொன்றையும் தனியாக எடை போடுங்கள். வளர்ந்த கெக்கோ 10 சதவீதம் இறங்கினால் படத்தில் என்ன தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பிரித்துவிடுங்கள். காயமோ வால் உதிர்தலோ கண்டால் அன்றே பிரியுங்கள். லெப்பர்ட் கெக்கோவுக்கு வால் திரும்ப முளைக்கும், கிரெஸ்டட் கெக்கோவுக்கு முளைக்கவே முளைக்காது. இரண்டு ஆண்கள் என்று தெரிந்தால் கேமராவுக்கே வேலையில்லை, இரண்டாவது பெட்டிதான் தேவை.

இந்தச் செலவு நன்றாகப் பயன்படுவது மோர்னிங் கெக்கோ வளர்ப்பவர்களுக்கு. ஆண் இல்லாமலேயே இனம்பெருக்கும் பெண்கள், கூட்டமாகவே வைக்கப்படுபவை. அவற்றுக்குள்ளும் மேல் கீழ் உண்டு, சிறு துரத்தலும் கீச்சிடலும் இயல்பு. இங்கே மைக் உள்ள மாடல் எடுங்கள். எந்தக் கீச்சுக்குப் பிறகு யார் நகர்கிறார்கள் என்று படத்தோடு சேர்த்துக் கேட்கலாம். பகலில் நடமாடும் ஃபெல்சூமா வகைக் கெக்கோ வளர்ப்பவர்களுக்கு இன்ஃப்ராரெட்டே தேவையில்லை. கையில் இருக்கும் போனை ஸ்டாண்டில் மாட்டி, டைம்லாப்ஸில் விட்டுவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.