உப்பு குளோரினேட்டரும் 58 லிட்டர் ஆசிட்டும்

சென்ற சனிக்கிழமை எங்கள் நீச்சல் குளத்தின் உப்பு குளோரினேட்டருக்கு, அதாவது உப்பிலிருந்து குளோரின் செய்யும் கருவிக்கு, புதிய செல் (மின்சாரம் பாயும் தட்டுகள் கொண்ட பகுதி) மாற்றினோம். 2020 செப்டம்பரில் பொருத்திய பழைய செல்லின் தட்டுகளில் பூச்சு தேய்ந்துவிட்டது. முழு அளவில் ஓடவிட்டாலும் காலையில் குளோரின் 1 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கை, தாண்டவில்லை. புதிய செல்லின் விலை, அன்று முழுக் கருவிக்கும் கொடுத்த தொகையில் பாதிக்கு மேல். பணம் கட்டிவிட்டு வந்த எரிச்சல் ஆறுவதற்குள், எங்கள் தெருவின் மேட்டில் குடியிருக்கும் தம்பி வாசலில் வந்து நின்று, “அண்ணா, நாங்களும் உப்புக்கு மாறிவிடலாம் என்று பார்க்கிறோம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். “வேண்டாம் தம்பி” என்று வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் வீட்டுக்கு உழைத்த ஒரு கருவியைப் பற்றி ஒரே சொல்லில் அப்படித் தீர்த்துவிட்டது அன்றிரவு முழுவதும் உறுத்தியது. அவருக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் ரெசர்வாயர் ஹில்ஸ் பகுதியில், சரிவில் இருக்கிறது. குளம் 45,000 லிட்டர் கொள்ளும்; உள்ளே மார்பலைட் என்னும் சிமெண்டுப் பூச்சு, வெளியே மணல் வடிகட்டி. அடியைத் துடைக்க, இந்த நாட்டிலேயே 1974இல் ஃபெர்டினான்ட் ஷோவியே கண்டுபிடித்த கிரீப்பி கிராலி வகைத் துடைப்பான் ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கிறது. அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாம்பழக் காலத்தில் குரங்குகள் கூரையில் உட்கார்ந்து சப்பிவிட்டு எறியும் கொட்டைகளை மட்டும் அதனால் விழுங்க முடியாது, நாங்கள் வலைபோட்டு எடுத்துவிடுவோம்.

உப்புக்கு மாறினால் குளோரினே இல்லாத குளம் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. உப்பு குளோரினேட்டர் என்பது வீட்டிலேயே குளோரின் செய்யும் சிறு ஆலை. நீரில் கரைந்த உப்பு செல்லின் டைட்டானியம் தட்டுகளுக்கு இடையே ஓடும்போது மின்சாரம் அதைப் பிரித்துக் குளோரின் ஆக்குகிறது. அந்தக் குளோரின் தன் வேலையை முடித்ததும் மறுபடி உப்பாகிவிடுகிறது. எங்கள் கருவிக்கு 4,000 பிபிஎம் உப்பு வேண்டும். முதல் நாள் இருபத்தைந்து கிலோ மூட்டைகள் ஏழைக் கொட்டினோம். கடல் நீரில் இருப்பதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு என்பதால் நாக்கில் வைத்தால் இலேசாகக் கரிக்கும், அவ்வளவுதான்.

நீரின் தன்மையோ நாங்கள் எதிர்பார்த்ததைவிட அருமையாக மாறியது. முன்பு வாரம் மூன்று முறை குருணைக் குளோரினைக் கரைத்து ஊற்றுவேன். ஊற்றிய நாளில் மிகுதியாகவும் மூன்றாம் நாளில் பற்றாமலும் இருக்கும். இப்போது பம்பு ஓடும் நேரமெல்லாம் சிறிது சிறிதாகக் குளோரின் சேர்வதால் அளவு ஒரே சீராக நிற்கிறது. என் மகள் நீருக்கடியில் கண்ணைத் திறந்துகொண்டு தரையில் கிடக்கும் நாணயங்களை எடுப்பாள். மேலே வந்தால் கண் சிவந்திருக்காது. குளோரின் வாடை என்று நாம் சொல்வது, பெரும்பாலும் வியர்வை போன்ற அழுக்கோடு சேர்ந்துவிட்ட குளோரினின் வாடை. அது எங்கள் குளத்தில் வருவதில்லை. இந்த ஒன்றுக்காகவே கருவி வாங்கலாம் என்று முதல் இரண்டு மாதங்களில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன்.

மூன்றாம் மாதத்தில் தொடங்கியது பிஹெச் தொல்லை. பிஹெச் என்பது நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; ஏறினால் காரம், இறங்கினால் அமிலம். குளத்தில் அது 7.4க்கும் 7.6க்கும் இடையில் நிற்க வேண்டும். ஞாயிறு மாலையில் அமிலம் ஊற்றி 7.4க்குக் கொண்டுவந்தால் அடுத்த ஞாயிறு 8ஐத் தொட்டிருக்கும். சோதனைக் குழாயில் குளத்து நீரை எடுத்து, பிஹெச்சுக்கு ஏற்ப நிறம் மாறும் பீனால் ரெட் ஐந்து சொட்டு விட்டுக் குலுக்குவேன். ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருக்க வேண்டியது, பழுத்த டிராகன் பழத்தின் தோலைப் போல ஊதாச் சிவப்பாக ஒளிரும். பிஹெச் ஏறினால் குளோரினின் கிருமி கொல்லும் வலிமை குறையும், செல்லின் தட்டுகளில் வெள்ளைச் சுண்ணாம்பு படியும். ஆகவே விடவும் முடியாது. வாளியில் நீர் நிரப்பி, அதில் அரை லிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி (நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது), காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குளத்தைச் சுற்றி ஊற்றுவேன். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு மிடறு புகை தொண்டைக்குள் போகும். ஆழமான பக்கத்தின் கல் விளிம்பில், ஒருமுறை வாளி தட்டிச் சிந்திய இடம், உள்ளங்கை அகலத்துக்கு அரித்து வெளுத்து இன்றும் அப்படியே இருக்கிறது.

இதோடு மாதம் ஒருமுறை குளத்து நீரைப் புட்டியில் எடுத்துக்கொண்டு, குளத்துப் பொருள்கள் விற்கும் கடைக்குப் போவேன். அங்கே கருவியில் வைத்து அளந்து ஒரு தாள் அச்சிட்டுத் தருவார்கள். மொத்தக் காரத்தன்மை குறைந்துவிட்டது, 120க்கு ஏற்றுங்கள், சோடியம் பைகார்பனேட் 2 கிலோ போடுங்கள் என்று ஒவ்வொரு தாளும் சொல்லும். நம் சமையல் சோடாதான் அது. பிஹெச் சட்டென்று மாறாமல் அமிலத்தைத் தாங்கும் நீரின் திறனைத்தான் காரத்தன்மை என்கிறார்கள். நான் வாங்கி வந்து போடுவேன்.

2023இல் மின்வெட்டு ஒரு நாளில் இரண்டு மூன்று முறை வந்து, பம்பின் நேரக் கருவி நின்று நின்று ஓடி, நள்ளிரவில் பம்பு கிளம்பும் நிலைக்கு வந்துவிட்டது. பகலில் வெயிலுக்கு ஈடுகொடுக்கக் குளோரின் இல்லாமல் குளம் பாசி படிந்து பச்சையாகிவிட, அதைச் சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான் மூன்று ஆண்டுகளாக எழுதி வைத்த குறிப்பேட்டை முதல்முறையாகக் கணக்குப் பார்த்தேன். 45,000 லிட்டரில் அரை லிட்டர் ஆசிட் காரத்தன்மையை ஏறத்தாழ 6 பிபிஎம் இறக்கும். நான்கு வாரத்தில் 24. இரண்டு கிலோ சோடா 26 பிபிஎம் ஏற்றும். அதாவது வாராவாரம் ஆசிட் ஊற்றி இறக்கியதை மாதக் கடைசியில் சோடா போட்டு ஏற்றிக்கொண்டிருந்தேன். குளிர்காலத்தின் மூன்று மாதங்களைக் கழித்தாலும், மூன்று ஆண்டுகளில் 58 லிட்டர் ஆசிட்டும் 54 கிலோ சோடாவும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவே என் வீட்டுக்கு வந்திருக்கின்றன. அந்தக் கணக்கைப் போட்ட பக்கத்தை என் மனைவியிடம் காட்டியபோது என் குரல் நடுங்கியது.

பிஹெச் ஏன் ஏறுகிறது என்பதையும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். குளோரின் செய்யும்போது செல்லில் காரமும் உண்டாகிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் குளோரின் செலவாகி மறுபடி உப்பாகும்போது அதற்கு ஈடான அமிலமும் பிறந்துவிடுவதால் கணக்கு நேராகிவிடுகிறது. பிஹெச்சை ஏற்றுவது கரியமில வாயுவின் வெளியேற்றம். காரத்தன்மை மிகுந்த நீர் இந்த வாயுவை நிறையச் சுமந்துகொண்டிருக்கும். செல்லில் எழும் ஹைட்ரஜன் குமிழிகள், கோலி சோடாவைத் திறந்துவிட்டதுபோல, அதை ஓயாமல் வெளியே தள்ளுகின்றன. வாயு போகப் போகப் பிஹெச் ஏறும். காரத்தன்மை 120இல் இருந்தால் வேகமாக ஏறும், 70இல் இருந்தால் மெல்ல ஏறும். ஆக, கடைத்தாளின் சொற்படி நான் போட்ட சோடாவே மறுவாரம் ஆசிட்டைக் கேட்டிருக்கிறது.

செய்த மருத்துவம் மிகச் சிறியது. சோடா போடுவதை நிறுத்தினேன். வழக்கமான ஆசிட்டே இரண்டரை மாதத்தில் காரத்தன்மையை 70க்கு இறக்கிவிட்டது. நீர் திரும்பிவரும் குழாய் வாய்களை மேல்நோக்கித் திருப்பி நீர்ப்பரப்பைச் சலசலக்க வைத்திருந்தோம், பார்க்க அழகாக இருக்கும் என்று. சலசலப்பும் கரியமில வாயுவை வெளியேற்றும் என்பதால் அவற்றைக் கீழ்நோக்கித் திருப்பினேன். கடையில் ஸ்டெபிலைசர் என்று தரும் சயனூரிக் அமிலத்தை 30இலிருந்து 70 பிபிஎம்முக்கு உயர்த்தியதில் வெயில் தின்னும் குளோரின் குறைந்தது; 80 விழுக்காட்டில் ஓடிய செல் 50க்கு வந்தது, குமிழியும் அந்த அளவுக்குக் குறைந்தது. டர்பன் குழாய் நீர் மென்னீர் என்பதால், காரத்தன்மையை இறக்கும்போது மார்பலைட் பூச்சு கரையாமலிருக்கக் கால்சியத்தை 300க்கு ஏற்றிக்கொண்டேன். பூச்சுக் குளம் வைத்திருப்பவர்கள் இதை விட்டுவிடக் கூடாது. இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரை லிட்டர் ஆசிட் போதும். சோடா இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, ஒன்றரைக் கிலோ.

கடைக்காரர்களைப் பற்றிக் கோபமாக எழுதத் தோன்றுகிறது. ஆயினும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். காரத்தன்மை 80 முதல் 120 வரை என்பது பொதுவாகக் குளங்களுக்குச் சொல்லப்படும் அளவு. நீரை அமிலமாக்கும் குளோரின் மாத்திரைகளை மிதவையில் வைத்துப் போடுபவர்களுக்கு அது பொருந்தும். அங்கே வேலை செய்யும் பெண், அளவுக் கருவி சொன்னதை அச்சிட்டுக் கொடுத்தார், ஒவ்வொரு முறையும் இன்முகத்தோடு. ஆனால் என் தாளின் மேல் முனையில் ‘உப்புக் குளம்’ என்று அச்சாகியிருந்தது. மூன்று ஆண்டுகள் அதே வாடிக்கையாளர் அதே இரண்டு பொருள்களை வாங்கிப்போகிறாரே என்று ஒருவருக்காவது தோன்றியிருக்கலாம். ஆசிட்டில் ஊறவைத்து நான் அடிக்கடி கழுவியதால்தான் செல்லின் பூச்சு விரைவில் தேய்ந்தது என்று நம்புகிறேன். அந்தக் கழுவலுக்கும் காரணம் ஏறிய பிஹெச்தான்.

நான் இனிக் குருணைக் குளோரினுக்குத் திரும்ப மாட்டேன். வீட்டில் ஒருவரும் சம்மதிக்கவும் மாட்டார்கள். புதிய செல்லோடு குளம் இன்று அடி தெரியக் கிடக்கிறது. அப்படியிருந்தும் அந்தத் தம்பிக்கு நான் சொன்ன ‘வேண்டாம்’ என்ற சொல்லைத் திரும்பப் பெற இப்போது மனம் வரவில்லை. கட்டிய பணத்தின் ரசீது இன்னும் மேசையில் இருக்கிறது.

நேற்று மாலை அவரைக் கூப்பிட்டு, அவர் குளத்து நீரை ஊறுகாய்ப் புட்டியில் கொண்டுவரச் சொன்னேன். காரத்தன்மைச் சோதனையில் ஒரு சொட்டுக்கு 10 பிபிஎம் கணக்கு. பச்சை சிவப்பாக மாறும்வரை சொட்ட வேண்டும். அவரையே சொட்டவிட்டு நான் எண்ணினேன். பன்னிரண்டில் மாறவில்லை, பதினான்கிலும் மாறவில்லை, பதினாறாம் சொட்டில் சிவந்தது. குளோரினேட்டரைப் பற்றி நாங்கள் மேலும் பேசவில்லை. அவர் வீட்டுக் கொட்டகையில் பிரிக்காமல் கிடக்கும் சோடாப் பையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன்.